உங்களுக்குத் தெரியுமா? ஜவ்வாது மலையில் ஒரு நாள் விருந்தாளி

ஆம்பூரில் பிரியாணியை முடித்துவிட்டு வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஏறினால் ஜவ்வாது மலை. தோல் பதனிடும் ஆலைகளின் வாடை அடிவாரத்திலேயே நின்றுவிடும். மேலே மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்தோடு முடிச்சுப் போடாதீர்கள்; வீட்டில் பேசுவது தமிழ்தான்.

● இந்தப் பக்கத்து மலைகளுக்கு விருந்தாளியாகப் போகிறவருக்குச் சங்க காலத்திலேயே வழிகாட்டி உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம்தான் அது. பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். செங்கண்மாவை, அதாவது இன்றைய செங்கத்தை, ஆண்ட நன்னனிடம் பரிசு பெறப் போகும் கூத்தர்களுக்கு, எங்கே வழுக்கும், எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், எந்த ஊரில் என்ன சாப்பாடு என்பதுவரை சொல்கிறார் புலவர். மூங்கிலரிசியும் அவரை விதையும் சேர்ந்த புளிங்கூழ்கூட அதில் உண்டு! மலைச் சிற்றூரில் எந்த வீட்டுக்குள்ளும் சொந்த வீடு மாதிரி நுழையலாம் என்கிறார். இன்று அதை நம்பி நுழைந்துவிடாதீர்கள். ஊர்க்காரர் ஒருவரோடு போவதே மரியாதை.

● செங்கம் வழியே ஓடும் செய்யாறு பிறப்பதும் ஜவ்வாது மலையில்தான்.

● சாமைச் சோறு இந்த மலையின் பழைய சாப்பாடு. சாமையின் உமி லேசில் கழலாது. மிஷின் வராத காலத்தில் பெண்கள் உரலில் குத்திப் புடைத்து, மறுபடியும் குத்தித்தான் உலை வைத்தார்கள். விருந்தாளிக்கு விழுந்த ஒரு கரண்டிக்குப் பின்னால் யாரோ ஒருத்தியின் தோள்வலி இருந்தது.

● கேழ்வரகுக் களியை மெல்லக் கூடாது. விரலை நனைத்துக்கொண்டு ஒரு துண்டு கிள்ளி, கீரைக் குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டும். பக்கத்திலிருக்கும் பிள்ளைகள் சிரிக்கும். “இன்னொரு உருண்டை வைக்கட்டுமா தம்பி?” என்ற கேள்விக்கு “போதும்க்கா” என்று ஒருமுறை சொன்னால் செல்லாது.

● வாசலில் கடுக்காய் காய்ந்தால் மிதித்துவிடாதீர்கள். மருந்துக்கு மட்டுமல்ல, தோல் பதனிடவும் அது வேண்டும். குரோம் உப்பு வருவதற்கு முன், ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் இந்த வட்டாரத் தோலைப் பக்குவப்படுத்தின.

● ராத்திரி தங்கினால் அண்ணாந்து பாருங்கள். இந்த மலையின் இருட்டை நம்பித்தான் வானியலாளர் வேணு பாப்பு இங்குள்ள காவலூரில் வானாய்வகம் அமைத்தார். 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் அங்கே திறக்கப்பட்டது. கணிதமேதை ராமானுஜன் பெயரைச் சுமந்து சூரியனைச் சுற்றும் 4130ஆம் எண் சிறுகோளை 1988இல் கண்டுபிடித்ததும் காவலூரிலிருந்துதான்.