பால்மானி பொய் சொல்லுமா?

எங்கள் விடுதிச் சமையலறையின் சன்னலோரத்தில் ஓர் உயரமான பித்தளைக் குவளையும், அதனுள் ஒரு கண்ணாடிப் பால்மானியும் எப்பொழுதும் இருக்கும். காலையில் பால் வந்து இறங்கியதும் விடுதிச் சிஸ்டர் குவளை நிறையப் பாலை ஊற்றிப் பால்மானியை மிதக்க விடுவார். 28-க்குக் குறையாமல் நின்றால்தான் பால் அடுப்புக்குப் போகும். எங்களுக்கு முன் படித்த அக்காமார் காலத்திலிருந்தே இந்த வழக்கம் உண்டு.

சென்ற தை மாதம், தொலைவிலிருந்து பால் கொண்டுவந்தவர் நின்றுவிட்டார். பக்கத்துத் தெருவிலேயே மாடு வைத்திருக்கும் ஒரு பெரியவர் கொடுக்கத் தொடங்கினார். முதல் நாள் பால்மானி 25 காட்டிற்று. இரண்டாம் நாளும், மூன்றாம் நாளும் அதே 25தான்.

"பத்தில் ஒரு பங்கு தண்ணீராக இருக்கிறதே, பெரியவரே" என்றார் சிஸ்டர்.

"கறந்த கையோட நேரா இங்கதான் சிஸ்டர் கொண்டாறேன். ஒரு சொட்டுத் தண்ணி சேர்க்கலைங்க" என்றார் அவர். பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார். மாதக் கணக்கில் பத்தில் ஒரு பங்கைக் கழிப்பதென்று முடிவாயிற்று. அருகில் நின்ற நாங்களும் பால்மானியைத்தான் நம்பினோம். கருவிக்குப் பொய் சொல்ல என்ன அவசியம்?

இதை வகுப்பில் சொன்னபோது எங்கள் விஞ்ஞான ஆசிரியை, "பால்மானி எதை அளக்கிறது என்று முதலில் சொல்லுங்கள்" என்றார். "தண்ணீரை" என்றோம். அது தவறு. பால்மானிக்குத் தண்ணீரும் தெரியாது, பாலும் தெரியாது. அதற்குத் தெரிந்தது அடர்த்தி ஒன்றே.

ஒரு குறிப்பிட்ட இடத்தில் எவ்வளவு பொருண்மை அடங்கியிருக்கிறது என்பதே அடர்த்தி. ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் 1 கிராம் என்றால், அதே அளவு இரும்பு ஏறக்குறைய 7.9 கிராம், பாதரசம் 13.6 கிராம், தேங்காயெண்ணெய் 0.92 கிராம். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான திரவத்தை விலக்குகிறது என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட உண்மை. அடர்த்தி மிகுந்த திரவத்தில் சிறிதளவை விலக்கினாலே போதும். ஆகவே பால்மானி உயர்ந்து நிற்கும். அடர்த்தி குறைந்தால் ஆழ அமிழும். தண்டில் 28 என்று கண்டால் அடர்த்தி 1.028 என்று பொருள். ஒன்பது லிட்டர் நல்ல பாலில் ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்தால் அது 1.025 ஆகிறது. சிஸ்டர் போட்ட கணக்கில் பிழை இல்லை.

எங்கள் வகுப்பில் படிக்கும் உழவர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி, தன் வீட்டிலும் இதே வித்தை உண்டு என்றாள். தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே போவார்களாம். அடியில் கிடந்த கோழிமுட்டை மேலெழுந்து, ஒரு நாணய அளவு வெளியே தெரிந்ததும், விதைநெல்லை அதில் கொட்டுவார்களாம். பதரும் அரைமணியும் மிதக்கும். முற்றிய மணி அமிழும். பிறகு நல்ல தண்ணீரில் விதையை அலசிவிட வேண்டும். முட்டையே அங்கே பால்மானி!

ஆனால் அடர்த்தி என்பது பொருளுக்குப் பிறவியிலேயே வாய்த்த மாறாத எண் அன்று. இரவில் அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பாத்திரத்தைத் தாண்டி வழிகிறது. யாரும் மாவைக் கூட்டவில்லை. புளிக்கும்போது உண்டான வாயு உள்ளே புகுந்து இடத்தைப் பெருக்கிவிட்டது. எடை ஏறக்குறைய அதுவே, அடர்த்திதான் குறைந்தது. தை மாதக் குளிரில் உறைந்த தேங்காயெண்ணெயை வெயிலில் வைத்தால், பாதி உருகிய நிலையில் கட்டி அடியில் கிடப்பதைக் காணலாம். உறையும்போது அது சுருங்கி அடர்த்தி கூடிவிடுகிறது. தண்ணீரோ இதற்கு மாறாக, உறையும்போது விரிகிறது. பனிக்கட்டியின் அடர்த்தி 0.917. அதனால்தான் அது மிதக்கிறது.

உறைவதும் புளிப்பதும் கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள். சூட்டினால் வருவது கண்ணுக்குத் தெரியாது. 4 டிகிரி சென்டிகிரேடில் 1000 கிராம் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர், 27 டிகிரியில் 996.5 கிராம்தான்; 37 டிகிரியில் 993.3 கிராம். பத்து டிகிரிக்கு மூன்று கிராம் வித்தியாசம்! இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஆசிரியை எங்களைப் பார்த்தார். 28-க்கும் 25-க்கும் அதே மூன்றுதானே என்று ஒருத்தி மெல்லச் சொன்னாள்.

மறுநாள் ஆய்வுக்கூடத்து வெப்பமானியோடு சமையலறைக்குப் போனோம். பால்மானியின் தண்டில், இத்தனை நாளும் நாங்கள் படிக்காத பொடி எழுத்தில், 27 டிகிரி என்று பொறித்திருந்தது. அந்தச் சூட்டில் அளந்தால்தான் அது காட்டும் எண் சரி. பெரியவர் கொண்டுவந்த பாலோ, மாட்டின் உடற்சூடு ஆறாமல் 36 டிகிரியில் இருந்தது. நுரையும் தணியவில்லை. புதிதாகக் கறந்த பாலில் நுண்ணிய காற்றுக் குமிழிகள் கலந்திருக்கும். இட்லி மாவைப் போல அவையும் அடர்த்தியைக் குறைக்கும். பால்மானி வழக்கம்போல் 25 காட்டிற்று. குவளையைக் குளிர்ந்த நீர் நிறைந்த தொட்டியில் நிறுத்தி, வெப்பமானி 27-க்கு இறங்கும்வரை காத்திருந்தோம். பிறகு மீண்டும் பார்த்தோம். 28!

பழைய பால்காரரின் பால் இரண்டு மணி நேரம் வழியில் ஆறி வந்ததால் இந்தச் சிக்கல் எழவே இல்லை. சிஸ்டர் உடனே பெரியவரை அழைத்து, எங்கள் முன்னிலையிலேயே வருத்தம் தெரிவித்தார். கழித்த பணத்தையும் கொடுத்தார். அவர், "அளவுக்கோல்தானே சிஸ்டர் சொல்லிச்சு, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். அதைக் கேட்டபோது எங்களுக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அப்படியானால் ஆறிய பாலில் 28 வந்துவிட்டால் அது கலப்பில்லாத பால்தானா? இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாலில் உள்ள கொழுப்பு தண்ணீரைவிட இலேசானது. அதை ஏடாக எடுத்துவிட்டால் மீதிப் பாலின் அடர்த்தி ஏறக்குறைய 1.035-க்கு ஏறும். அத்தகைய பால் நான்கு லிட்டருடன் ஒரு லிட்டர் தண்ணீரைச் சேர்த்துக் கணக்கிட்டுப் பாருங்கள்: 1.028! ஏட்டையும் இழந்து, ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரும் கலந்த பால், பால்மானியின் முன் நல்ல பாலைப் போலவே நிற்கும். இதனால்தான் பால் கூட்டுறவுச் சங்கங்களில் பால்மானியோடு நிற்காமல் கொழுப்பையும் தனியே அளக்கிறார்கள். கந்தக அமிலம் சேர்த்து வேகமாகச் சுழற்றிக் கொழுப்பைப் பிரிக்கும் கெர்பர் முறை இதற்காக ஏற்பட்டது. இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் பாலின் தரம் தெரியும்.

எங்கள் சமையலறையில் கொழுப்பை அளக்கும் கருவி இல்லை. ஆனால் பால்மானிக்குப் பக்கத்தில் இப்பொழுது ஒரு வெப்பமானி தொங்குகிறது. பால் ஆறும்வரை காத்திருப்பதால் காலைக் காப்பி அரைமணி நேரம் தாமதமாகிறது என்று விடுதி மாணவியர் சிலர் எங்கள்மேல் கோபமாக இருக்கின்றனர்.