தெரியுமா? எந்த வில்லனிடமும் தோற்காதவர்கள் பேனாவிடம் தோற்ற கதை!

1984 ஜூலையில், ஒரே மாதத்தில், தமிழில் இரண்டு காமிக்ஸ் இதழ்கள் பிறந்தன, தெரியுமா? ஒன்று தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ். முதல் இதழ் ஜேம்ஸ் பாண்ட் கதை, தலைப்பு ‘அழகியைத் தேடி’. இன்னொன்று சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸ். அதன் முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’! ஓர் அட்டையில் ஆண்பிள்ளை ஒருவர் அழகியைத் தேடிக் கிளம்புகிறார். இன்னோர் அட்டையில் பெண்ணின் பெயரே கதையின் பெயர், ஆபத்தும் அவளுடையது, அதிலிருந்து மீளும் சாமர்த்தியமும் அவளுடையது. எங்கள் மார்க்கையன்கோட்டைப் பக்கம் இந்தப் புத்தகங்கள் வந்தால் ஒரு வீட்டில் நிற்காது. கைமாறி, அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் காணாமல் போனபிறகும் படித்துக்கொண்டிருப்பார்கள். தமிழ் வாசகர்கள் மாடஸ்டிக்கு வைத்த செல்லப் பெயர் இளவரசி.

அந்த இளவரசி எப்படிப் பிறந்தாள் என்பது இன்னும் ஆச்சரியம்! 1942இல் ஈரானில் பணியில் இருந்த பீட்டர் ஓடானல் என்ற இளம் பிரிட்டிஷ் படைவீரர், போருக்குத் தப்பித் தன்னந்தனியாக நடந்து வந்த ஓர் அகதிச் சிறுமியைப் பார்த்தார். சாப்பாடு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு, யாரையும் அண்டாமல், நிமிர்ந்து நடந்து போய்விட்டாள். அவள் கழுத்தில் ஒரு மரக்கட்டையும் ஆணியும் சேர்த்துக் கட்டிய ஆயுதம் தொங்கியது. அந்த ஆணியை ஓடானல் மறக்கவில்லை. 1963 மே 13 அன்று லண்டன் ‘ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்’ நாளிதழில் மாடஸ்டி பிளைசி தொடங்கினாள். 2001 வரை ஓடினாள். அவளுடைய கூட்டாளி கார்வின், அவளுக்காக உயிரையே கொடுக்கக்கூடிய தோழன், ஆனால் அந்த நட்பை ஓடானல் ஒரு நாளும் காதலாக மாற்றவில்லை. 1966இல் சினிமாக்காரர்கள் மாற்றினார்கள்! ஓடானலின் திரைக்கதையைத் திரும்பத் திரும்பத் திருத்தி, இருவரையும் டூயட் பாட வைத்துவிட்டார்கள். காகிதத்தில் அசைக்க முடியாதவள் திரையில் அசைந்துபோனாள்.

மாடஸ்டி கொடுத்துவைத்தவள், ஒரே ஓர் எழுத்தாளர் கடைசிவரை அவளைக் காத்தார். அமெரிக்காவின் சூப்பர் ஹீரோயின்களுக்கு என்ன நடந்தது தெரியுமா?

வொண்டர் வுமனிலிருந்து தொடங்குவோம். 1941 கடைசியில் பிறந்தவள். படைத்தவர் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் என்ற மனோதத்துவ அறிஞர். பொய் கண்டுபிடிக்கும் கருவிக்கு வழிவிட்ட ரத்த அழுத்தச் சோதனையை உருவாக்கியவர் அவர்தான்! அவருடைய நாயகி கையிலும் உண்மையைக் கக்க வைக்கும் ஒரு கயிறு. வரைந்தவர் எச்.ஜி.பீட்டர். தோட்டாவைத் தடுக்கும் அந்தக் கைக்காப்புகள்கூட மார்ஸ்டன் வீட்டில் வாழ்ந்த ஆலிவ் பிர்ன் கையில் போட்டிருந்த காப்புகளைப் பார்த்து வந்தவை.

பெண்களுக்காகப் பேசிய மனிதர், சரி. ஆனால் அவரே கதைக்குள் ஒரு விதி எழுதி வைத்திருந்தார்: ஓர் ஆண் அவளுடைய இரண்டு காப்புகளையும் சங்கிலியால் சேர்த்துவிட்டால் அவள் பலம் முழுக்கப் போய்விடும்! விமானத்தைத் தூக்கக்கூடியவள், ஒரு சங்கிலிக்குச் சாதாரணப் பெண். இன்னொன்று கேளுங்கள். 1942இல் அவளை ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற சூப்பர் ஹீரோக்கள் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். என்ன பதவி? செயலாளர்! ஆண்கள் எதிரியோடு மோதக் கிளம்புவார்கள், கூட்டத்திலேயே பெரும்பலம் கொண்டவர்களில் ஒருத்தியான அவள் அலுவலகத்தில் இருந்து கடிதங்களுக்குப் பதில் எழுதுவாள். அந்தப் பக்கங்களை மார்ஸ்டன் எழுதவில்லை, வேறோர் எழுத்தாளரின் கைவண்ணம். எழுதுகிற கை மாறினால் பலமும் மாறும் என்பதற்கு முதல் சாட்சி இது.

1944இல் மார்ஸ்டன், தன்னிடம் படித்த ஜாய் ஹம்மல் என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணை உதவிக்கு வைத்துக்கொண்டார். சில மாதங்களில் போலியோ அவரைப் படுக்கையில் தள்ள, அந்தப் பெண்ணே கதைகளை எழுதித் தள்ளினார். பெயர் அச்சில் வரவேயில்லை! உலகமே கொண்டாடிய வொண்டர் வுமனை ஒரு பெண் எழுதுகிறார் என்பது வாசித்த சிறுமிகளுக்குத் தெரியாது. 1947இல் மார்ஸ்டன் இறந்தார், அதே ஆண்டு ஹம்மலும் விலகினார். அதன்பிறகு எழுத வந்தவர் ராபர்ட் கானிகர். அதுவரை அந்த இதழில் உண்மையான வீரப் பெண்களின் வாழ்க்கை வரலாறு ஒரு பகுதியாக வந்துகொண்டிருந்தது. செவிலியர், விஞ்ஞானி, போராளி எல்லோரும் அதில் உண்டு. 1950களில் அந்தப் பகுதி காணாமல் போனது. அதன் இடத்தில் வந்தது என்ன தெரியுமா? எந்தெந்த நாட்டில் எப்படியெப்படிக் கல்யாணம் நடக்கும் என்ற குறிப்புகள்! அமேசான் வீராங்கனையான அவளும், காதலன் ஸ்டீவ் டிரெவர் எப்போது தாலி கட்டுவான் என்று தவிக்கத் தொடங்கினாள்.

ஆனால் பெரிய அடி 1968இல் விழுந்தது. இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் காமிக்ஸ் வரலாற்றில் இதைவிட வெளிப்படையாக ஒரு பெண்ணின் பலத்தைப் பிடுங்கிய சம்பவம் எனக்குத் தெரியாது. எழுத்து டென்னி ஓ’நீல், ஓவியம் மைக் செகோவ்ஸ்கி. அவளுடைய இனத்தவரான அமேசான்கள் தங்கள் மந்திர சக்தியைப் புதுப்பித்துக்கொள்ள வேறோர் உலகத்துக்குப் போகிறார்கள். டயானா, அதாவது வொண்டர் வுமன், கூடப் போக வேண்டும், அல்லது இங்கேயே தங்க வேண்டும். ஸ்டீவ் சிக்கலில் இருக்கிறான், அவனுக்காகத் தங்குகிறாள். தங்குவதற்கு விலை? பலம், மந்திர சக்தி, உடுப்பு எல்லாம்! அத்தனையையும் கழற்றி வைத்துவிட்டு வெள்ளை உடையில் கராத்தே கற்கிறாள், ஒரு துணிக்கடை வைக்கிறாள், ஐ சிங் என்ற பார்வையற்ற ஆண் குருவிடம் பாடம் கேட்கிறாள். அவள் எல்லாவற்றையும் யாருக்காகக் கொடுத்தாளோ அந்த ஸ்டீவை அடுத்த இதழிலேயே கொன்றுவிட்டார்கள்! பலமும் போயிற்று, காரணமும் போயிற்று.

எழுதியவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்பதுதான் நெஞ்சைப் பிசைகிறது. கடவுள் கொடுத்த வரம் இல்லாமலே ஒரு பெண் சொந்த முயற்சியால் முன்னேறுகிறாள் என்று காட்டுவதாகத்தான் ஓ’நீல் நினைத்திருந்தார். சூப்பர்மேனை அப்படி ‘முன்னேற்ற’ வேண்டும் என்று அப்போது அந்தப் பதிப்பகத்தில் யாருக்கும் தோன்றவில்லையே!

அதே 1968 ஜனவரியில் சென்னை மெரினாவில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கையில் சிலம்போடு கண்ணகி சிலை எழுந்து நின்றது. நியூயார்க்கில் ஒருத்தியின் பலத்தைக் கழற்றிய ஆண்டில் நம் கடற்கரையில் ஒருத்தியின் கோபத்துக்கு வெண்கல உருவம் கொடுத்தார்கள்! (அவளையும் விடவில்லை. 2001இல் சிலை அகற்றப்பட்டது, 2006இல் திரும்ப வந்தது.)

டயானாவின் பலத்தை மீட்டது யார்? வாசகர்கள்! சிறுமியாக வொண்டர் வுமன் படித்து வளர்ந்த குளோரியா ஸ்டைனம், 1972இல் ‘மிஸ்’ பத்திரிகையைத் தொடங்கியபோது ஜூலை இதழின் அட்டையில் பழைய உடுப்போடு, பழைய பலத்தோடு அவளை நடக்க விட்டார், ஜனாதிபதி வேட்பாளராக! 1973 தொடக்கத்தில் பதிப்பகம் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தது. நாலு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

மற்றவர்கள் கதையும் குறைந்ததில்லை. 1956இல் வந்த பேட்வுமனுக்கு ஆயுதம் என்ன தெரியுமா? கைப்பையில் இருக்கும் பவுடர் டப்பா, லிப்ஸ்டிக், தலைமுடி வலை! 1959இல் பூமிக்கு வந்த சூப்பர்கேர்ளுக்கு அண்ணன் முறையான சூப்பர்மேனுக்கு இருக்கும் அத்தனை பலமும் உண்டு. அவன் அவளை ஓர் அநாதை இல்லத்தில் சேர்த்து, உலகத்துக்கு நீ இருப்பதே தெரியக்கூடாது என்றான். 1962 வரை ஒளிந்தே வாழ்ந்தாள்.

1961இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் கூட்டணியில் மூன்று ஆண்கள். ஒருவர் ரப்பராக நீள்வார், ஒருவர் தீயாக எரிவார், ஒருவர் பாறையாக மோதுவார். நாலாவது சூ ஸ்டார்ம், அவளுக்குக் கொடுத்தது கண்ணுக்குத் தெரியாமல் போகும் சக்தி! பெண்ணுக்குக் காணாமல் போவதைத் திறமையாகக் கொடுத்திருக்கிறார்கள், யோசியுங்கள். இவளால் என்ன பிரயோசனம் என்று வாசகர்கள் கடிதம் எழுத, 1963இல் கதைக்குள்ளேயே, ரப்பராக நீளும் ரீட் அவளுக்காக வாதாடினார், ஆபிரகாம் லிங்கனின் அம்மாவை உதாரணம் காட்டி! பெரிய மனிதருக்குப் பின்னால் நின்ற பெண்ணாம். 1964 தொடக்கத்தில்தான் அவளுக்கு எதையும் தடுக்கும் கண்ணுக்குத் தெரியாத சக்திச்சுவர் கிடைத்தது. இன்று அந்தக் கூட்டணியிலேயே பலசாலி அவள்தான் என்று ரசிகர்கள் அடித்துச் சொல்கிறார்கள். இன்விசிபிள் கேர்ள், இன்விசிபிள் வுமன் ஆக 1985 வரை காத்திருந்தாள், அதற்குள் பிள்ளை பெற்ற தாயாகிவிட்டாள்!

ஜீன் கிரே என்ற இன்னொரு நாயகியின் கதை இன்னும் பயங்கரம். 1976இல் பீனிக்ஸ் ஆகி, நட்சத்திரத்தையே விழுங்கிப் பல உயிர்களைக் கொல்லும் அளவுக்கு வளர்ந்தாள். 1980இல் முதலில் போட்ட திட்டம், அவள் சக்தியை மட்டும் அழித்துவிடுவது. அத்தனை உயிர்களைக் கொன்றவளுக்கு அது போதாது என்று தலைமை ஆசிரியர் சொல்ல, அவளையே சாகடித்தார்கள். வல்லமை மிஞ்சிய பெண்ணுக்கு அந்த மேஜையில் இருந்தது இரண்டே வழி! அடுத்த ஆண்டே மிஸ் மார்வெலின் பலத்தோடு நினைவுகளையும் ரோக் என்ற வில்லி உறிஞ்சிக்கொண்டாள். 1988இல் பேட்கேர்ள் பார்பரா கார்டனை ஜோக்கர் சுட்டு முடமாக்கினான். ஆனால் ஜான் ஆஸ்ட்ரண்டரும் கிம் யேலும், கணவனும் மனைவியுமாக, அவளை அப்படியே விட மறுத்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடியே கணினியால் உலகத்தைக் கண்காணிக்கும் ‘ஆரக்கிள்’ ஆக்கினார்கள்!

இதையெல்லாம் வரிசையாகப் படித்தபோது எனக்கு ஒன்று தட்டியது. இந்தக் கதை நமக்குப் புதுசா? எங்கள் மதுரை, தேனிப் பக்கம் திருவிழா நாடகம் பார்த்த யாரும் அல்லியை மறக்க மாட்டார்கள். ‘அல்லி அரசாணி மாலை’யில் வரும் அல்லி, பெண்களையே படையாக வைத்து மதுரையை ஆண்டவள். சங்கரதாஸ் சுவாமிகளும் அவளை மேடைக்குக் கொண்டுவந்தார். போரில் வெல்ல முடியாதவளை அர்ச்சுனன் எப்படி வென்றான்? பாம்பு வடிவில் நுழைந்து, அவள் தூங்கும்போது தாலி கட்டி! விழித்தவள் கொதித்தெழுந்து படை திரட்டுகிறாள், ஆனாலும் முடிவில் அவனுக்கு வாய்த்த மனைவியரில் ஒருத்தி. டயானாவின் சங்கிலியும் அல்லியின் தாலியும் ஒரே பட்டறையில் அடித்தவை என்றே எனக்குப் படுகிறது.

ஆனால் மீனாட்சியைப் பாருங்கள்! மூன்று தனங்களோடு தடாதகையாகப் பிறந்தவள், எண்திசைக் காவலரையும் வென்று கயிலைக்கே படையெடுத்தவள். சிவனைக் கண்டதும் மூன்றாம் தனம் மறைந்து நாணி நின்றாள் என்கிறது திருவிளையாடல் புராணம். அமெரிக்கக் கதையாக இருந்தால் அதோடு செங்கோலை வாங்கிப் பூட்டியிருப்பார்கள். மதுரை அப்படிச் செய்யவில்லை. சித்திரைத் திருவிழாவில் முதலில் பட்டாபிஷேகம், அடுத்து திக்குவிஜயம், அதற்குப் பிறகுதான் கல்யாணம்! கல்யாணம் முடிந்தும் ஆவணி வரைக்கும் ஆட்சி அம்மனுடையது.

கண்ணகியோ நாணவும் இல்லை, அடங்கவும் இல்லை. மதுரையை எரித்துவிட்டு வைகைக் கரையோடு மேற்கே நடந்தாள், பதினான்கு நாள். அந்த நடை எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு வழியாகத்தான் என்பது இங்கே எல்லோருக்கும் நம்பிக்கை. கூடலூருக்கு மேலே மலை உச்சியில், தமிழ்நாடு கேரள எல்லையில் இருக்கும் மங்கலதேவி கோயிலே சிலப்பதிகாரம் சொல்லும் கண்ணகி கோட்டம் என்று புலவர் சி.கோவிந்தராசனார் கண்டறிந்து சொன்னது 1963இல், லண்டனில் மாடஸ்டி பிறந்த அதே ஆண்டு! சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் வழி திறப்பார்கள். பளியன்குடியிலிருந்து காட்டுப் பாதையில் மூச்சு வாங்க ஏறிப்போகும் பெண்களைக் கேளுங்கள், ஆத்தாவைப் பார்க்கப் போகிறோம் என்பார்கள். இரண்டு மாநிலத்துப் போலீசும் காவலுக்கு நிற்கும்!

காமிக்ஸ் பக்கம் இன்னும் ஓர் ஆனந்தச் செய்தி சொல்ல விட்டுப்போயிற்று. வொண்டர் வுமனுக்கென்று வந்த இதழை ஒரு பெண் வரைய எத்தனை ஆண்டு ஆனது தெரியுமா? 1986இல் டிரினா ராபின்ஸ் வரைந்தார், அவள் பிறந்து 45 ஆண்டு கழித்து! 1999இல் கெயில் சிமோன் என்ற சிகையலங்காரத் தொழில் செய்த வாசகி, காமிக்ஸில் கொல்லப்பட்ட, முடமாக்கப்பட்ட, பலம் பறிக்கப்பட்ட பெண்களின் பெயர்களைத் திரட்டிப் பட்டியல் போட்டார். பட்டியல் நீண்டுகொண்டே போனது. சில ஆண்டுகளில் அவரே வொண்டர் வுமனை எழுத உட்கார்ந்தார்! மிஸ் மார்வெலாக எல்லாம் இழந்த கேரல் டான்வர்ஸை 2012இல் கேப்டன் மார்வெலாக நிமிர்த்தியவரும் ஒரு பெண், கெல்லி சூ டெகானிக்.

அப்படியானால் அல்லிக்கு எப்போது? படமாக, பக்கம் பக்கமாக, அவள் பக்கம் நின்று ஒரு தமிழ் காமிக்ஸ் வேண்டும். வரைய எங்கள் பள்ளத்தாக்கில் பிள்ளைகள் இருக்கிறார்கள், அச்சடிக்க சிவகாசி இருக்கிறது. பாம்பு உள்ளே வருகிற பக்கத்தில் அல்லி விழித்துக்கொள்ளட்டும். அதற்கு மேல் என்ன நடக்கிறது என்பதை ஒரு பெண்பிள்ளை எழுதட்டும், முதல் பிரதி எனக்கு!