மாற்றுப் பாத்திரம் (இணைய விளையாட்டு)

மாற்றுப் பாத்திரம் என்பது இணையவழிப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் ஒருவர் தமது முதன்மைப் பாத்திரத்தைத் தவிர வைத்திருக்கும் பிற பாத்திரத்தைக் குறிக்கும். பொருட்களைச் சேமிக்கவும், வணிகம் செய்யவும், வேறு திறன்களைப் பயிலவும் இது பயன்படுகிறது.

இணைப்பற்ற நிலை

பொதுவாக ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒரு பாத்திரத்தையே இயக்க முடியும். எனினும் சில விளையாட்டுகளில் இணைப்பில் இல்லாத பாத்திரங்களும் பயனடைகின்றன. 2004 இல் வெளியான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில், விடுதியில் விடப்பட்ட பாத்திரம் 8 மணி நேரத்திற்கு ஒரு நிலையின் 5% அளவு ஓய்வுப் பயன் பெறும். பொதுவான உச்ச வரம்பு ஒன்றரை நிலை ஆகும். இதனை எட்ட 10 நாட்கள் ஆகும். இப்பயன் தீரும் வரை எதிரிகளை வீழ்த்துவதால் கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் இருமடங்காகும். எனவே பாத்திரங்களை மாறி மாறி ஆடுவது ஆதாயமாகிறது.

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் உருவாக்கி 2003 இல் வெளியான ஈவ் ஆன்லைன் விளையாட்டில், ஆடுபவர் உறங்கும்போதும் பாத்திரத்தின் பயிற்சி தொடரும். ஆயினும் ஒரு கணக்கிலுள்ள 3 பாத்திரங்களில் வழக்கமாக ஒன்றே பயிற்சி பெறும்.

சிக்கல்கள்

பல கணக்குகளை வைத்திருப்பவர் தனியொருவராகவே ஒரு குழுவைப் போலச் செயல்படலாம். எதிரணியில் மாற்றுப் பாத்திரத்தைச் சேர்த்து உளவும் பார்க்கலாம். இரண்டும் ஒருவரே என்பதைப் பிற ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் எளிதில் அறிய இயலாது. இதனால் எழுத்துவழி விளையாட்டுகளான 'மட்' பலவற்றில், ஒருவர் ஒரே நேரத்தில் பல பாத்திரங்களை இயக்குவது தடை செய்யப்பட்டது.