‘சீனக் குகைப் பல்லி’ எது?

செல்லப்பிராணிச் சந்தையில் ‘சீனக் குகைப் பல்லி’ என்ற பெயரில் விற்கப்படுவது ஒரே இனமல்ல. அப்படி விற்கப்படும் பல்லிகள் சேர்ந்த கோனியூரோசாரஸ் பேரினத்தில் இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. தெற்குச் சீனா, வடக்கு வியட்நாம், ஜப்பானின் ரியூக்யூ தீவுகள் ஆகியவை இவற்றின் தாயகம். கருஞ்சிவப்புக் கண்ணும் பட்டை போட்ட உடலும் இவற்றில் பலவற்றுக்குப் பொது என்பதால், நிறத்தை மட்டும் பார்த்து இனத்தைச் சொல்லிவிட முடியாது.

முதலில் கவனிக்க வேண்டியது கண். வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கு இமை கிடையாது. அது கண்ணை நாக்கால் துடைத்துக்கொள்கிறது. குகைப் பல்லியோ இமையை மூடித் திறக்கும். விரலடியில் சுவரைப் பற்றும் ஒட்டுத் தகடுகளும் இதற்கு இல்லை. நகத்தால் பாறையைப் பற்றி ஏறுகிறது. சிறுத்தைப் பல்லி என்று பரவலாக வளர்க்கப்படுவதும் இதே குடும்பம்தான்.

அடுத்து, ஆண் பல்லியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சீன, வியட்நாம் இனங்களில் கழிவுத்துளைக்கு முன்னால் மெழுகு போன்ற பொருள் கசியும் நுண்துளைகள் வரிசையாக இருக்கும். ரியூக்யூ இனங்களுக்கு அவை கிடையாது. அதன்பின் பிடரிப் பட்டையின் வடிவம், முதுகுப் பட்டைகளின் எண்ணிக்கை, உடல்வாகு ஆகியவற்றை ஒப்பிடலாம். தெற்குச் சீனாவின் குவாங்ஷிப் பகுதியில் சுண்ணாம்புப் பாறைகளில் ஏறித் திரியும் லுயி இனம் மெலிந்தது, கால் நீண்டது. ஹைனான் தீவின் ஹைனானென்சிஸ் சற்றுத் தடித்தது. வால் நம்பத்தக்க அடையாளமல்ல. அறுந்து மீண்டும் வளர்ந்த வாலில் பழைய வெள்ளை வளையங்கள் திரும்புவதில்லை. குட்டியின் பளிச்சென்ற பட்டைகளும் வளர வளர மாறிவிடும். பிடிக்கப்பட்ட இடமோ பெற்றோரின் விவரமோ தெரியாத பல்லியை, நெருங்கிய இனங்களிலிருந்து பிரித்தறிவது வல்லுநர்களுக்கே கடினம்.

இந்தக் குழப்பத்தின் சுமை பல்லியின் மேல்தான் விழுகிறது. வறண்ட நிலத்துச் சிறுத்தைப் பல்லிக்கு ஏற்ற சூட்டில் வைத்தால் குளிர்ச்சியும் ஈரமும் தேடும் குகைப் பல்லி நலிந்துவிடும். இரண்டு இனங்களை ஒன்றென்று எண்ணி இணைசேர்த்தால், கலப்புக் குட்டிகள் பிறந்து வளர்ப்பு வழி முழுவதும் குழம்பிப்போகலாம்.

காட்டிலும் இழப்பு உண்டு. லுயி இனம் 1999-இல்தான் அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்டது. உடனே வெளிநாட்டுச் சந்தையில் ஒரு பல்லியின் விலை 1,500 முதல் 2,000 டாலர் வரை ஏறியது. முதலில் விவரிக்கப்பட்ட இடத்திலேயே அது வேட்டையாடி அழிக்கப்பட்டதாக 2006-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதனால் பின்னர் புதிய குகைப் பல்லிகளை விவரித்தவர்களில் சிலர் அவை வாழும் இடத்தை வெளியிடாமல் காத்தனர். அது மிகச் சரியான முடிவு. 2019-இல் சீனா, வியட்நாமைச் சேர்ந்த இனங்கள் காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இவற்றை நாடுவிட்டு நாடு கொண்டுசெல்ல ஏற்றுமதி அனுமதி வேண்டும். அந்த அனுமதியில் அறிவியல் பெயர் குறிக்கப்பட வேண்டும். ‘சீனக் குகைப் பல்லி’ என்ற பெயர் மட்டும் அங்கே போதாது.