உடற்கூற்று நூலும் தமிழ் இடச்சொற்களும்

வடசென்னையில் கொடுங்கையூர் என்று ஓர் ஊர் உளது. கொடுங்கை என்னும் சொல் மடங்கி வளைந்த கையைக் குறிக்கும். கோயிற் கட்டடத்தில் சுவருக்கு வெளியே வளைந்து தாழ்ந்து நிற்கும் இறப்பையும் குறிக்கும். ஊர்ப்பெயர் இவ்விரண்டனுள் எதனைச் சார்ந்தது எனத் துணிதல் ஈண்டு நம் நோக்கம் அன்று. மனித உறுப்பின் பெயர் கட்டடக் கலைக்குள் புகுந்து நின்றது என்பதே நாம் கருதத்தக்கது. இதன் மறுதலையும் உண்டு. நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரித்து நிற்கும் தசைத்திரையை உதரவிதானம் என்பர். விதானம் என்பது மேற்கட்டி. கட்டடத்தின் சொல் இங்கே உடலுக்குள் புகுந்தது.

இவ்விரு வழக்கும் ஓர் உண்மையைக் காட்டுகின்றன. உடலும் ஒரு கட்டடம்போல இடம் வகுத்து அறியப்படுவது. உடற்கூற்று நூல் உறுப்புகளின் பெயர்ப்பட்டியல் அன்று. எது எதன்மேல், எது எதன்பின், எது எதனுள் என்னும் இட அறிவே அதன் உயிர். அவ்வறிவைச் சொல்லும் ஆற்றல் தமிழுக்குப் பண்டே உண்டு என்பதையும், அது இன்று நோயாளியின் கைக்குச் சென்று சேராமை பெருங்குறை என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. இடம் சொல்லும் முறை

ஏழாம் வேற்றுமையின் இடப்பொருளை உணர்த்தும் சொற்களைத் தொல்காப்பியர் தொகுத்துரைக்கும்போது கண், கால், தலை என்பனவற்றை முன், பின், மேல், கீழ், வலம், இடம் என்பனவற்றோடு ஒருங்கு வைத்தமை தமிழ் பயில்வார் அறிந்ததே. உறுப்பின் பெயர் இடத்தின் பெயராதல் நம் மொழியின் இயல்பு என்பது இதனால் விளங்கும்.

உடற்கூற்று நூலாரும் முதற்கண் இடத்தையே வரையறுப்பர். மனிதன் நிமிர்ந்து நின்று, முன்னோக்கி, உள்ளங்கைகளை முன்புறம் காட்டி நிற்பதாகக் கொள்வர். படுத்திருப்பினும் கவிழ்ந்திருப்பினும் உறுப்புகளின் இடம் இந்நிலையை வைத்தே சொல்லப்படும். வலம், இடம் என்பன காண்பான் பக்கம் அல்ல, காணப்படுவான் பக்கமே. உடலின் நடுக்கோட்டை நெருங்கியது அகம், விலகியது புறம். கைகால்களில் உடலோடு பொருந்தும் முனைக்கு அருகிலுள்ளது அண்மை, அகன்றது சேய்மை. முழங்கை மணிக்கட்டுக்கு அண்மையது, தோளுக்குச் சேய்மையது. இவற்றுள் ஒரு சொல்லேனும் தமிழுக்குப் புதிதன்று.

இவ்வரையறை வெறும் ஒழுங்கு கருதியதன்று. இரு சிறுநீரகங்களுள் ஒன்றை அகற்ற வேண்டியவிடத்து வலமும் இடமும் மாறுமாயின் நேரும் கேடு சொல்லாமலே விளங்கும்.

2. அறுத்துக் காண்டலும் அறாது காண்டலும்

பல நூற்றாண்டுகளாக உடலின் உள்ளிடத்தை அறியும் வழி பிணத்தை அறுத்துக் காண்டலாகவே இருந்தது. வெசேலியசின் உடற்கூற்றுப் பெருநூல் 1543 இல் வெளிவந்தது. நம் நாட்டில், உரிமை கோருவார் இல்லாத உடல்களை மருத்துவக் கல்விக்கு வழங்குதற்கு 1951 ஆம் ஆண்டின் சென்னை உடற்கூற்றுச் சட்டம் வழிசெய்தது. பெயரும் உறவும் அறியப்படாது இறந்தவரே பல தலைமுறை மருத்துவர்க்கு உடலின் இடங்களைக் கற்பித்தனர் என்பது நாம் மறத்தற்கு உரியதன்று.

1895 இல் இரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டபின் அறாது காணும் வழி பிறந்தது. எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து அக்கதிரை மிகுதியாகத் தடுத்தலின் படத்தில் எலும்பு வெண்மையாகத் தோன்றும். காற்று நிறைந்த நுரையீரல் கருமையாகத் தோன்றும். சென்னைப் பொது மருத்துவமனையில் பார்னார்டு கதிரியல் நிலையம் 1934 இல் திறக்கப்பெற்றது. 1971 இல் அவுன்சுபீல்டு அமைத்த கருவி, கதிரைச் சுற்றிவரச் செலுத்தி, உடலைக் குறுக்கே அறுத்தாற்போன்ற படங்களைக் கணினியால் ஆக்கித் தந்தது. இதுவே சி.டி. ஸ்கேன். செவிக்கெட்டா ஒலியின் எதிரொலியால் படம் ஆக்குவது அல்ட்ராசவுண்டு. வலிய காந்தப்புலத்தில் உடலிலுள்ள நீரக அணுக்கருக்கள் தரும் குறிப்புகளால் ஆக்குவது எம்.ஆர்.ஐ.

கருவி பலவாயினும் படம் தானே பேசாது. சி.டி. குறுக்குவெட்டை, மல்லாந்து படுத்தவரின் காலடியில் நின்று தலையை நோக்கிப் பார்ப்பதாகக் கொண்டு படிப்பர். ஆதலின் உடலின் வலப்புறத்துள்ள கல்லீரல் காண்பான் இடப்பக்கத்தே தோன்றும். இம்மரபை அறியாதவன் கண்ணுக்குப் படம் முழுதும் தலைமாறாகும். அறுத்துக் கற்ற இட அறிவே அறாது கண்ட படத்துக்கும் உரை என்பது இதனாற் பெறப்படும்.

3. யாழ்ப்பாணத்து முயற்சி

இவ்விட அறிவைத் தமிழில் கற்பித்தல் இயலுமா என்னும் வினாவுக்கு 19 ஆம் நூற்றாண்டிலேயே விடை கிடைத்துவிட்டது. அமெரிக்க மருத்துவரான சாமுவேல் பிசுக் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவப் பணியும் கல்விப் பணியும் ஆற்றினார். அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் 1857 இல் வெளிவந்தது. 1858 இல் இலண்டனில் முதற்பதிப்புக் கண்ட கிரேயின் உடற்கூற்று நூல், மனுஷ அங்காதிபாதம் என்னும் பெயரால் 1872 இல் தமிழாயிற்று. இடைப்பட்டவை 14 ஆண்டுகளே.

தமிழில் வழங்கும் சொல்லை முதலில் தேடுதல், இல்வழி வடசொல்லை நாடுதல், அதுவும் இல்வழி ஆங்கில ஒலியைத் தமிழ் எழுத்தாற் பெயர்த்தல் என்பது அவர் கைக்கொண்ட முறை. ஆங்கிலம் கற்றோர் நகரையும் அரசுப் பணியையும் நாடுவர். தமிழில் கற்றோர் தம் ஊர் மக்களிடையே தங்குவர் என்பது அவர் தமிழ்வழிக் கல்விக்குக் கண்ட காரணங்களுள் ஒன்று.

எனினும் அங்காதிபாதம், சுகரணம், உற்பாலனம் என்பவற்றை இன்று வழங்குவார் இலர். பொருள் வெளிப்படாத வடசொற்றொடர்களாய் அமைந்தமை ஒரு காரணம். மருத்துவக் கல்வி ஆங்கிலவழிப் பட்டமையின் அவற்றை நாடோறும் சொல்லும் வாய் இல்லாது போனமை அதனினும் பெரிய காரணம் எனக் கருதுகின்றோம். நூலில் நிற்பதனால் மட்டும் சொல் வாழ்வதில்லை.

4. கொடுங்கையூரிலிருந்து நோக்கின்

குப்பைக் கிடங்கும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த கொடுங்கையூரில் ஒருவர் இருமலால் வருந்துகிறார் எனக் கொள்வோம். அவர் போன்றார்க்கு உற்ற பெரிய அரசு மருத்துவமனைகளுள் ஒன்று, இராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி மருத்துவமனை. பஞ்ச காலத்துக் கஞ்சித்தொட்டியை முன்னோடியாகக் கொண்டு, 1938 இல் மருத்துவக் கல்லூரியும் பெற்ற இடம் அது. மருத்துவரிடம் அவர் தம் நோயைத் தமிழில் சொல்வார். படம் எடுத்தபின் கையில் வரும் அறிக்கையோ ஆங்கிலத்தில் இருக்கும். தம் உடலைப் பற்றிய செய்தியைப் பிறர் வாயாற் கேட்டறிய வேண்டியவராய் அவர் நிற்கின்றார்.

அவர் சொல்லும் தமிழிலும் ஓர் இடர் உண்டு. நெஞ்சு என்பது பேச்சுவழக்கில் மார்பையும் இதயத்தையும் உள்ளத்தையும் சுட்டும். வயிறு என்பது இரைப்பையையும் அடிவயிற்றையும் கருப்பையையும் சுட்டும். ஈரல் எனின் கல்லீரலா, நுரையீரலா, மண்ணீரலா என ஐயுற நேரும். நெஞ்சுவலி என்றார்க்கு இதயநோயோ உணவுக்குழாய் எரிச்சலோ எனத் தெளிதற்கு மருத்துவர் இடம் சுட்டிக் கேட்டேயாக வேண்டும். நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே வரையறுத்த பொதுச்சொல் வேண்டும் என்பது இதனால் தெளிவாகும்.

ஓர் அறிக்கைத் தொடரைத் தமிழில் அமைத்துக் காண்போம்: வலப்புற நுரையீரலின் கீழ்மடலில் நிழல் காணப்படுகிறது. காதுமடலும் தாழைமடலும் அறிந்தார்க்கு நுரையீரல் மடல் விளங்காதிருத்தல் இல்லை. வலப்புறத்தில் மூன்று மடலும் இடப்புறத்தில் இரண்டும் உண்டு என ஒருமுறை சொன்னால் போதும். நிழல் யாது நோயின் குறி என்பதை மருத்துவரே துணிய வேண்டும். அஃது எங்குள்ளது என்பதை அறிதற்குரியார் நோயாளியும் ஆவர்.

5. செய்யத்தக்கது

சொல்லாக்கம் செய்தார்க்கு நம்மிடையே குறைவில்லை. 1934 இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938 இல் கலைச்சொற்கள் என்னும் தொகுதியை அளித்தது. இந்நூற்றாண்டில் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் மருத்துவப் பாடநூல்களைத் தமிழாக்கும் பணியை மேற்கொண்டது. குறை சொல்லின்மை அன்று, ஒருமையின்மையே. தமிழகத்தார் கணையம் என்பதை ஈழத்தார் சதையி என்பர். உதரவிதானத்தை அவர் பிரிமென்றகடு என வழங்குவர். முன்னது வடிவத்தை உணர்த்தும் வடசொற்றொடர். பின்னது பிரிக்கும் மெல்லிய தகடு எனத் தொழிலும் தன்மையும் உணர்த்தும் தமிழ்த்தொடர். இவற்றுள் எதனைக் கொள்வது என்பது ஆராய்ச்சிக்கு உரியது. இரண்டையும் அறியாதிருத்தல் எவர்க்கும் அழகன்று.

ஆதலின், உறுப்புப் பெயர்களையும் இடச்சொற்களையும் இரு நாட்டு வழக்கோடும் ஒப்பிட்டுத் தொகுத்தல் தமிழ்த்துறைகளுக்கு உரிய பணி என்க. அதனை மருத்துவரோடு அமர்ந்து செய்தல் வேண்டும்; செய்தபின் நோயாளியிடம் சொல்லிக் காட்டிச் சோதித்தல் வேண்டும். கொடுங்கையூரார் ஒருவர் தம் படத்தை ஒளியில் உயர்த்திப் பிடித்து, இஃது என் வலப்புறம், இங்குள்ளது நிழல் எனத் தாமே சுட்டுவாராயின், அச்சொற்கள் வாழத் தொடங்கின என்று நாம் கொள்ளலாம்.