சுருட்டை முடியை நீட்டுவதற்கு முன்

"கோரை முடி குடியைக் கெடுக்கும், சுருட்டை முடி சோறு போடும்" என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு சொலவடை உண்டு. சுருட்டை முடிக்காரப் பெண் வந்தால் வீடு செழிக்கும் என்று நம்பிய ஊர்களில்தான் இன்றைக்குக் கல்யாணம் நிச்சயமான கையோடு பெண்ணை பார்லருக்கு அழைத்துப்போய் முடியை நீட்டிவிடுகிறார்கள். "போட்டோவுல பரட்டையா தெரியும்டி" என்பது அத்தையின் வாதம். "ஒரே சிட்டிங்தான் மேடம், ஆறு மாசத்துக்குக் கவலையே இல்ல" என்பது பார்லரின் வாதம். ஸ்மூத்தனிங், ரீபாண்டிங், கெரட்டின், ஹேர் போட்டாக்ஸ், நானோபிளாஸ்டியா என்று விலைப்பட்டியலில் பெயர்கள் நீள்கின்றன. பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் எந்தப் பட்டியலிலும் இருப்பதில்லை.

பிரச்சினை பெரும்பாலும் முடியில் இல்லை, அதை நடத்தும் விதத்தில் இருக்கிறது. நேரான முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஏறக்குறைய வட்டமாக இருக்கும். சுருட்டை முடி நீள்வட்டம். மயிர்க்கால் தோலுக்குள்ளேயே வளைந்திருப்பதால் முடியும் வளைந்தே வெளியே வருகிறது. மண்டைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசை நேர்முடியில் நுனிவரை எளிதாக இறங்கிவிடும். சுருளில் ஒவ்வொரு வளைவிலும் தங்கிவிடும். அதனால் வேர் பிசுக்காகவும் நுனி காய்ந்தும் கிடக்கும். காய்ந்த முடியில் சீப்பைப் போட்டு இழுத்தால் சுருள்கள் பிரிந்து புஸ்ஸென்று எழும்பும். "பரட்டை" என்று பெயர் வாங்கித் தருவது பெரும்பாலும் இந்தச் சீப்புதான்.

சுருட்டை முடியைக் குளிக்கும்போதே சிக்கெடுத்துவிட வேண்டும். கண்டிஷனர் தடவிய ஈரத்தலையில், அகலப்பல் சீப்பால், நுனியில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரலாம். துண்டால் தட்டித் துவட்டும் பழக்கம் சுருளைக் கலைத்துவிடும். பழைய காட்டன் டி-ஷர்ட்டில் பொதிந்து தண்ணீரை ஒற்றி எடுத்தாலே போதும். முடி நன்றாக ஈரமாக இருக்கும்போதே ஜெல்லைத் தடவி, நுனியை உள்ளங்கையில் ஏந்தி மேல்நோக்கிக் கசக்கிவிட்டு, காயும்வரை கை வைக்காமல் விட்டுவிட வேண்டும். காய்ந்ததும் மொறுமொறுப்பாக இருக்கும் முடியை மெதுவாகப் பிசைந்துவிட்டால் சுருள் மட்டும் நிற்கும்.

கடை ஜெல்லுக்குப் பதில் ஆளி விதையே போதும். இரண்டு டேபிள்ஸ்பூன் விதையை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டால், கரண்டியிலிருந்து முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழையாக வழியும் பதம் வரும். அப்போதே அடுப்பை அணைத்து, சூட்டோடு மெல்லிய துணியில் வடிகட்டிவிட வேண்டும். ஆறவிட்டால் துணியைவிட்டு இறங்காது. இதில் பதப்படுத்தும் பொருள் எதுவும் இல்லாததால் ஃபிரிட்ஜில் வைத்துச் சில நாட்களுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. தேங்காய் எண்ணெயைக் குளித்த பிறகு தடவுவதைவிட, குளிப்பதற்கு முன் தடவுவது பலன் தரும். அது முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைப்பதையும், மினரல் ஆயிலும் சூரியகாந்தி எண்ணெயும் அப்படிச் செய்யாததையும் 2003-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. போர்வெல் உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் கடைசிச் சொம்பை மட்டுமாவது நல்ல தண்ணீரில் அலசினால் முடி விறைப்பு குறையும்.

இதையெல்லாம் யாரும் சொல்லித் தராததால்தான் பலர் பார்லர் நாற்காலிக்குப் போகிறார்கள். அங்கே நடப்பது முடியின் உள்கட்டமைப்பையே மாற்றும் ரசாயன வேலை. ரீபாண்டிங்கில் கெரட்டின் புரதத்தை வளைவாகப் பிடித்திருக்கும் டைசல்ஃபைடு பிணைப்புகளை ஒரு க்ரீம் உடைக்கிறது. இஸ்திரிபோட்டு நேராக்கியபின் இன்னொரு க்ரீம் அதே நிலையில் அவற்றை மறுபடி கட்டுகிறது. "கெரட்டின்" என்ற பெயரில் செய்யப்படுவது பல இடங்களில் வேறு வேலை. முடிக்குப் புரதம் ஊட்டுவதாகச் சொல்லப்பட்டாலும், முடியை நேராக இறுக்கிப் பூட்டுவது ஃபார்மால்டிஹைடு அல்லது கிளையாக்சிலிக் அமிலம் போன்ற பொருள்கள். வேரிலிருந்து புதிதாக முளைக்கும் முடி பழையபடி சுருண்டே வரும் என்பதால் சில மாதங்களில் "டச்-அப்" என்று மறுபடி உட்கார வேண்டியிருக்கும்.

கரைசலைத் தடவி உலர்த்தியபின், 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும் தகட்டால் பட்டை பட்டையாக இழுக்கும்போது புகை கிளம்பும். கண் எரியும், தொண்டை கரகரக்கும், பக்கத்து நாற்காலிக்காரரும் இருமுவார். "அப்படித்தான்க்கா இருக்கும், ஃபேனைப் போடுறேன்" என்பார் தலையைப் பிடித்திருக்கும் பெண். அந்தப் புகையில் ஃபார்மால்டிஹைடு இருக்கக்கூடும். அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே வகைப்படுத்திவிட்டது. அழகுசாதனப் பொருள்களில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் தடை விதித்தது. வாடிக்கையாளர் அந்தப் புகையில் இரண்டு மூன்று மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவார். ஏ.சி. அறையின் மூடிய கதவுக்குள் தினமும் நின்று வேலை செய்யும் பெண்ணின் நுரையீரலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

"ஃபார்மால்டிஹைடு ஃப்ரீ" என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. 2010-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பார்லர் ஊழியர்கள் மூச்சுத் திணறலும் கண் எரிச்சலும் இருப்பதாகச் சொன்னபோது, தொழிலாளர் பாதுகாப்புத் துறை அவர்கள் பயன்படுத்திய பிரபலமான பிரேசிலிய நேராக்கும் கரைசலைச் சோதித்தது. புட்டியில் "இல்லை" என்று எழுதியிருந்த பொருள் கணிசமான அளவில் இருந்தது. கனடாவின் சுகாதாரத் துறையும் அதே ஆண்டில் இதே முடிவுக்கு வந்தது. மறு ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அந்த நிறுவனத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. லேபிளில் மெத்திலீன் கிளைகால் என்று இருந்தாலும் சூடு பட்டதும் வெளியேறுவது ஃபார்மால்டிஹைடுதான்.

இந்தச் சர்ச்சைக்குப் பிறகு கிளையாக்சிலிக் அமிலம் "பாதுகாப்பான மாற்று" என்று பரவியது. அதன் கதையும் நல்லதாக இல்லை. இஸ்ரேலில் 2019-க்கும் 2022-க்கும் இடையே முடி நேராக்கிக்கொண்டபின் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்புடன் வந்த 26 பெண்களைப் பற்றி மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அவர்களில் மூவருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. 2024 மார்ச்சில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஒரு கடிதம் இன்னும் தெளிவானது. வேறு நோய் எதுவும் இல்லாத 26 வயதுப் பெண் ஒருவருக்கு 2020, 2021, 2022 என்று மூன்று முறை சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டிருந்தது. மூன்று முறையும் அதற்குச் சற்று முன்தான் அவர் முடியை நேராக்கிக்கொண்டிருந்தார். மண்டைத்தோல் எரிந்து புண்ணாகியிருந்தது. வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், முதுகுவலி எல்லாம் இருந்தன. அவருக்குத் தடவிய கிளையாக்சிலிக் அமில க்ரீமை மருத்துவர்கள் எலிகளின் தோலில் தடவிப் பார்த்தபோது அவற்றின் சிறுநீரகங்களில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் படிந்திருந்தன.

ஆகவே முடி நேராக்கிக்கொண்ட சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ குமட்டல், இடுப்புக்கு மேலே முதுகில் வலி, சிறுநீர் குறைவது ஆகியவை தென்பட்டால் "வெளியில சாப்பிட்டது ஒத்துக்கல" என்று விட்டுவிடக் கூடாது. மருத்துவரிடம் முடிக்கு என்ன செய்தோம் என்பதைச் சொல்லி, ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும். நோயாளி வாய் திறக்காவிட்டால் எந்த மருத்துவருக்கும் பார்லர் ஞாபகம் வராது.

புற்றுநோய்ப் பேச்சில் நிதானம் வேண்டும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் "சிஸ்டர் ஸ்டடி" 33,497 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2022 அக்டோபரில் முடிவை வெளியிட்டது. நேராக்கும் ரசாயனங்களை முந்தைய ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 சதவீதம், பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 சதவீதம் என்று அது மதிப்பிட்டது. தொடர்பு இருப்பதைத்தான் இந்த ஆய்வு காட்டுகிறது. ரசாயனமே காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. ஒருமுறை செய்துகொண்டவர் பயந்து நடுங்க வேண்டியதில்லை, வருடத்துக்கு நான்கைந்து முறை போகிறவர் யோசிக்க வேண்டும். கர்ப்பிணிகளும், பாலூட்டுபவர்களும், ஆஸ்துமா உள்ளவர்களும், தலையில் புண் இருப்பவர்களும் போகாமல் இருப்பதே நல்லது.

பார்லருக்குப் போகத்தான் போகிறோம் என்றால், நாற்காலியில் சாய்வதற்கு முன் பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி லேபிளில் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி, சேர்மானப் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும். லேபிள் இல்லாத வெள்ளை டப்பாவிலிருந்து எடுத்துத் தடவ வந்தால் எழுந்துவிடலாம். இரண்டு நாள் முன்பே காதுக்குப் பின்னால் சிறிது தடவிச் சோதிக்கும்படி கேட்கலாம். லேபிளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ள யாருடைய தயவும் தேவையில்லை. பொருளின் தரம், தூய்மை பற்றித் தெரிந்துகொள்வது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தரும் உரிமை. பில் தர மறுப்பதையே அந்தச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது.

முடியை நேராக்கும் இந்த அவசரத்துக்கான விதை பல பெண்களுக்குப் பள்ளியிலேயே விழுந்துவிடுகிறது. இறுக்கிய இரட்டைச் சடையும் படிய வாரிய தலையும்தான் ஒழுக்கம் என்று வைத்துக்கொண்டு, சுருட்டை முடி எழும்பி நிற்கும் பிள்ளையை வரிசையிலிருந்து வெளியே நிறுத்தும் பழக்கம் இன்னும் போகவில்லை. தினமும் வேரை இழுத்துக் கட்டினால் நெற்றியோரமும் காதோரமும் முடி கொட்டும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் அங்கே மறுபடி முளைக்காமலே போகலாம். சீருடைபோல முடிக்கும் பள்ளி ஒழுங்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் முடியைச் சொல்லி ஒரு குழந்தையை அவமானப்படுத்துவதோ, அடிப்பதோ, ஆசிரியரே கத்தரியை எடுப்பதோ ஒழுங்கில் சேராது. உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுத்தும் நிற்கவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் இருக்கின்றன.

பெரியவர்களுக்கு அந்த அளவுக்குத் தெளிவான பாதுகாப்பு இல்லை. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் தங்கள் இயற்கையான முடிக்காக வேலையை இழந்த அனுபவங்களிலிருந்து "கிரவுன்" சட்டம் பிறந்தது. கலிஃபோர்னியா 2019-இல் அதை முதலில் கொண்டுவந்தது, பிறகு 20-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் பின்தொடர்ந்தன. இந்தியாவில் முடியின் தன்மையை வைத்துப் பாகுபாடு காட்டுவதற்கு எதிராகத் தனிச் சட்டம் இல்லை. வரவேற்பறை வேலைக்கு வருகிற பெண்ணிடம் "முடியை ஸ்ட்ரெய்ட் பண்ணிட்டு வாங்க" என்று சொன்னால் அவரிடம் இப்போதைக்குப் பெரிய ஆயுதம் எதுவுமில்லை. இது மாற வேண்டும்.

பார்லரில் பாதிப்பு நேர்ந்துவிட்டால் முதல் வேலை தண்ணீர். மண்டைத்தோல் எரிய ஆரம்பித்தவுடன் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது அலச வேண்டும். "இன்னும் பத்து நிமிஷம் பொறுங்க" என்பதற்குக் காது கொடுக்கக் கூடாது. அதன்பின் தோல் மருத்துவரைப் பார்த்து, நடந்ததை மருத்துவச் சீட்டில் எழுதி வாங்க வேண்டும். அன்றே எடுத்த படங்கள், உதிர்ந்த முடி, பில், யு.பி.ஐ. ரசீது, பார்லருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல், முடிந்தால் மீதமுள்ள கரைசல் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். பொருளில் குறை உண்டா என்று அறிய அதை ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கு உண்டு. லேபிளே இல்லாத சரக்கு என்றால் மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறையிடமும் புகார் தரலாம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். பல புகார்கள் அங்கேயே சமரசத்தில் முடிகின்றன. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பார்லர் எந்த ஊரில் இருந்தாலும், பாதிக்கப்பட்டவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். பாதிப்பு நேர்ந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். சேவைக்குச் செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இணையத்திலும் தாக்கல் செய்யலாம். "பின்விளைவுகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற தாளில் பார்லர் கையெழுத்து வாங்கியிருந்தாலும், கவனக்குறைவால் நேர்ந்த பாதிப்புக்காக ஆணையத்தின் கதவைத் தட்டும் உரிமை போய்விடாது.

எவ்வளவு இழப்பீடு கேட்பது என்பதில் டெல்லி வழக்கு ஒன்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஒரு நட்சத்திர ஹோட்டலின் சலூனில் 2018-இல் சொன்னதற்கு மாறாக முடியைக் குட்டையாக வெட்டிவிட்டார்கள் என்று விளம்பர மாடலாக இருந்த பெண் ஒருவர் தொடுத்த வழக்கில், தேசிய நுகர்வோர் ஆணையம் 2021-இல் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு வழங்கியது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை ரத்து செய்து வழக்கைத் திருப்பி அனுப்பியது. சேவையில் குறைபாடு உண்டு என்ற முடிவில் நீதிமன்றம் தலையிடவில்லை. இழந்த வாய்ப்புகளுக்கும் வருமானத்துக்கும் ஆதாரம் எங்கே என்பதுதான் கேள்வி. மருத்துவச் செலவு ரசீது, விடுப்பு எடுத்த நாட்களுக்கான அலுவலகக் கடிதம், முடியைச் சீராக்க வேறு இடத்தில் கட்டிய பணத்தின் பில் என்று ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு தாளை மனுவோடு இணைத்துக் கொடுப்பவரின் கோரிக்கையை ஆணையம் எளிதில் தள்ளிவிட முடியாது.