கூரை மரத்தில் இரும்புக் கட்டு: பாட்டரி ஆணி யந்திரம் எங்கே உதவும்?

ஐப்பசி அடைமழைக்கு முன்னர்த் தறி வீட்டின் கூரையைப் பழுது பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நமது அங்கத்தினர்களுக்கு எவரும் சொல்லித் தெரிய வேண்டியதன்று. கூரை ஒழுகினால் காக்குழியில் நீர் நிற்கும், பட்டுப் பாவு நனையும், ஜரிகை கறுக்கும். ஆயினும் ஒழுகும் கூரையைப் பற்றி நாம் கொள்ளும் கவலையில் பாதியளவேனும் பறக்கும் கூரையைப் பற்றிக் கொள்வதில்லை. காஞ்சிபுரம் கடற்கரையிலிருந்து உள்ளடங்கிய ஊர் என்ற தைரியமே இதற்குக் காரணம். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் சென்னையருகே கரையேறிய வர்தா புயல், அந்நாளில் ஒன்றாயிருந்த காஞ்சிபுரம் மாவட்டத்தையும் உலுக்கிவிட்டே சென்றது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும், 2024 நவம்பர் 30-இல் பெஞ்சல் புயலும் நமக்குத் தெற்கே புதுச்சேரிப் பக்கத்தில் கரையைக் கடந்தன. இவற்றின் பாதை சற்றே வடக்கில் விலகியிருந்தால் கதை வேறு.

கூரை மரங்களை இரும்புத் தகடுகளால் பிணைப்பது பற்றியும், அத்தகடுகளை ஆணியடித்துப் பொருத்துவதற்கென்று வெளிநாடுகளில் வழங்கும் பாட்டரி யந்திரத்தைப் பற்றியும் அங்கத்தினர் சிலர் கேட்டுள்ளனர். அந்த யந்திரத்தைச் சங்கமே வாங்கி வாடகைக்கு விடலாமா என்பதும் அவர்கள் கேள்வி. யந்திரத்தைப் பற்றிப் பேசுமுன் காற்று கூரையை என்ன செய்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நலம்.

காற்று கூரையை அழுத்துவதைவிட மேலே இழுப்பதே அதிகம். கூரையின் மீது வேகமாக ஓடும் காற்று ஓர் உறிஞ்சலை உண்டாக்குகிறது. கதவோ சன்னலோ திறந்திருப்பின் உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து தள்ளுகிறது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 68 கிலோ எடைக்குச் சமம். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதையும் மனத்திற் கொள்ளவேண்டும். இனி நமது கூரையைப் பாருங்கள். மங்களூர் ஓடு, ரீப்பருடன் சேர்த்துச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 65 கிலோ கனக்கும். ஆகவே நம் முன்னோர் கைமரத்தைச் சுவரோடு இறுகக் கட்டாமல் வெறுமனே சாற்றி வைத்திருந்தபோதும், பாரமே கூரையைக் காத்து நின்றது. ஓடுகள் சில பறந்திருக்கலாம்; மரக்கூடு அசையவில்லை.

இன்றோ ஓட்டை இறக்கிவிட்டு வர்ணம் பூசிய இரும்புத் தகடு போடுவோர் பெருகிவிட்டனர். செலவு குறைவு, ஒழுகலும் இல்லை. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் இத்தகடு சதுர மீட்டருக்கு 5 அல்லது 6 கிலோவே தேறும். 20 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட ஒரு கூரையை எடுத்துக்கொள்வோம். மேற்சொன்ன காற்றில் அதன்மீது உண்டாகும் இழுப்பு ஏறத்தாழ 1,260 கிலோ. தகடும் மரமும் சேர்ந்து 300 கிலோ என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், எஞ்சிய 960 கிலோவை மரங்களின் இணைப்புகளே தாங்கவேண்டும். சுவரின்மேல் 16 இடங்களில் கைமரம் அமர்ந்திருக்குமாயின், ஒவ்வோரிடத்திலும் 60 கிலோ. கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் இழுப்பு இதைப்போல் இரு மடங்கும் ஆகக்கூடும். அதுவும் ஒரே சீராக வருவதன்று, விட்டுவிட்டு உலுக்குவது. பாரத்தை இறக்கிய கையோடு பிணைப்பைப் பலப்படுத்தாமல் விடுவதுதான் இன்று நம் தறி வீடுகளில் காணும் பெரிய குறை.

சரி, பிணைப்பு இப்போது எவ்வாறு உள்ளது? கைமரத்தின் பக்கவாட்டிலிருந்து சாய்வாக இரண்டு கம்பி ஆணிகளை அடித்து விட்டத்தோடு சேர்ப்பதே வழக்கம். ஆணிக்கு ஒரு குணம் உண்டு. அதன் நீளவாக்கில் பிடித்து இழுத்தால் எளிதில் பிடுங்கிக்கொண்டு வரும். குறுக்காக இழுத்தால் மிகுந்த பலத்தோடு எதிர்த்து நிற்கும். சாய்த்தடித்த ஆணியைக் காற்று ஏறக்குறைய நீளவாக்கிலேயே இழுக்கிறது. மரத்தின் வெட்டுமுகத்தில், அதாவது நார் முடியும் முனையில், அடித்த ஆணியின் பிடிப்பை நம்பவே கூடாது. மடித்த இரும்புத் தகடு ஒன்றைக் கைமரத்தின் பக்கத்திலும் விட்டத்தின் பக்கத்திலும் படியவைத்து, இருபுறமும் ஆணியடித்தால் நிலைமை மாறிவிடும். இப்போது காற்று மேலே இழுக்கும்போது ஆணிகள் யாவும் குறுக்காகவே இழுக்கப்படுகின்றன. யந்திரத்தின் பெருமையெல்லாம் இதற்கு அப்பாற்பட்டதே. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தை 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் தாக்கிய பின்னர் அங்கே கட்டட விதிகள் கடுமையாக்கப்பட்டன. கூரையைச் சுவரோடு பிணைக்கும் தகடுகளும் அதில் முக்கிய இடம் பெற்றன.

இத்தகடுகளில் துளைகள் முன்னரே இடப்பட்டிருக்கும். எத்தனை துளையோ அத்தனையிலும், குறித்த கனமுள்ள ஆணியை, தலை தகட்டோடு படியுமாறு அடிக்கவேண்டும். ஒரு தகட்டுக்கு எட்டோ பத்தோ ஆணி. 16 தகடுகளுக்கு 160 ஆணிகள். சுவருக்கும் கூரைக்கும் இடையே சுத்தியலை ஓங்கவும் இடமில்லாத மூலையில், ஏணியின்மேல் நின்று, தலைக்குமேல் 160 ஆணி அடிப்பது எளிதன்று. ஓயாமல் அடிக்கும் அதிர்வில் பழைய சுண்ணாம்புச் சுவரும் உதிரும். யந்திரம் பிறந்தது இந்தத் தொல்லைக்காகவே.

கம்பியும் குழாயும் இல்லாமல் ஆணியடிக்கும் யந்திரம் அமெரிக்காவில் 1986-இல் பாஸ்லோடு கம்பெனியாரால் விற்பனைக்கு வந்தது. சிறு குப்பியிலுள்ள வாயு ஒரு பொறியால் எரிந்து, அதன் விசை ஆணியைத் தள்ளும். பிற்பாடு வாயுவே வேண்டாமல் பாட்டரியால் மட்டும் இயங்குவனவும் வந்துள்ளன. ஆனால் மரத்தோடு மரத்தைச் சேர்க்கும் சாதாரண ஆணி யந்திரம் வேறு. தகட்டுக்கென்று அமைந்தது வேறு. சாதாரண யந்திரத்தில் ஆணி எங்கே இறங்கும் என்பது ஏறத்தாழத்தான் தெரியும். துளையைத் தவறவிட்டு ஆணி தகட்டின்மீது மோதினால், தகட்டைக் கிழிக்கும். அல்லது தெறித்து வந்து அடிப்பவர் கண்ணையே பதம் பார்க்கும். தகட்டு யந்திரத்தில் ஆணியின் கூர்முனை மூக்குக்கு வெளியே சற்று நீட்டிக்கொண்டிருக்கும். அம்முனையைத் துளையில் ஊன்றி, அழுத்தி, பிறகு விசையை இழுத்தால்தான் ஆணி இறங்கும். இரண்டு யந்திரங்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், விலை குறைவு என்று சாதாரண யந்திரத்தை வாங்கித் தகடு அடிக்க முற்படுவது ஆபத்து. ஆணியும் முழுவட்டத் தலையுடையதாக இருத்தல் வேண்டும். தலையின் ஒரு பக்கம் வெட்டுண்ட ஆணி தகட்டைப் பிடிக்காது. நாகம் பூசிய தகட்டுக்கு நாகம் பூசிய ஆணியே ஏற்றது.

இனி நமது மரங்களுக்கு வருவோம். இந்த யந்திரம் பைன் போன்ற மெல்லிய மரங்களை வைத்துக் கட்டும் தேசங்களில் தோன்றியது. நம் பழைய வீடுகளில் உள்ளது பனங்கை. சற்று வசதியுள்ளோர் வீட்டில் தேக்கு. முற்றிய பனையின் வைரத்தில் ஆணி பாதி இறங்கி நின்றுவிடும், அல்லது மரம் பிளக்கும். தலை படியாத ஆணியால் தகடு தளர்ந்தே நிற்கும். இத்தகைய மரத்தில் ஆணியின் கனத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்படாத துளையை முதலில் இட்டு, பிறகு சுத்தியலால் அடிப்பதே முறை; 4 மில்லிமீட்டர் ஆணிக்கு 3 மில்லிமீட்டர் துளை போதும். துளை போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் ஆணி யந்திரத்துக்கு அங்கே வேலையில்லை. துளையிடும் பாட்டரி யந்திரம் பல தச்சரிடம் இப்போதே உள்ளது. திருகாணி போடுவதானால் தகட்டுக்குரிய கனத்த திருகாணியே வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் கறுப்புத் திருகாணி குறுக்கிழுப்பில் மளுக்கென்று ஒடியும்.

மரம் உளுத்திருந்தால் எந்த ஆணியும் பயன்படாது. கைமரத்தின் அடி, சுவரில் புதைந்துள்ள இடத்தில்தான் முதலில் உளுக்கும். அத்தி வரதர் அனந்தசரஸ் தீர்த்தத்தில் நீருக்குள்ளேயே இருந்து 1979-இலும் 2019-இலும் வெளிவந்து காட்சி தந்ததை நம்மவர் அறிவர். முழுதும் நீரில் மூழ்கிக் காற்றுப் படாத மரம் எளிதில் உளுப்பதில்லை. நனைவதும் காய்வதுமாக மாறி மாறி இருக்கும் மரமே உளுக்கும். சுவரோரத்துக் கைமரத்தின் நிலை பின்னதே. கூரிய உளியால் குத்திப் பார்த்து, உளி எளிதில் இறங்குமாயின் மரத்தை மாற்றிய பிறகே தகட்டைப் பற்றி நினைக்கவேண்டும். விட்டம் சுவரோடு பிணைக்கப்பட்டுள்ளதா என்பதையும் பார்க்கவேண்டும். கைமரத்தை விட்டத்தோடு எவ்வளவு இறுக்கினாலும், விட்டம் செங்கலின்மேல் சும்மா கிடந்தால் இரண்டும் சேர்ந்தே எழும். அங்கே சுவருக்குள் இறங்கிய போல்ட்டோ இரும்புப் பட்டையோதான் வேண்டும்.

தறிக்கு மேலுள்ள ஜக்கார்டு சட்டத்துக்கும் இந்த யந்திரம் உதவுமா என்று கேட்பவர்க்கு என் விடை உறுதியாக இல்லை என்பதே. கூரைக்குப் புயல் எப்போதோ வருவது. ஜக்கார்டு சட்டத்துக்கோ ஒவ்வொரு மிதியும் ஓர் உலுக்கல். ஒரு பக்கம் இழுத்து மறு பக்கம் தள்ளும் இவ்வசைவில் ஆணி நாளடைவில் தன் துளையைத் தானே பெரிதாக்கிக்கொள்ளும். பெட்டி அசைந்தால் விழுது சீராக எழாது; கோர்வைச் சேலையின் கரையில் குறை விழும். அங்கே கோண இரும்பும், வாஷரோடு கூடிய போல்ட்டும் வைத்து, மாதம் ஒருமுறை நட்டை இறுக்கிவிடுவதே சரி. தறியை இடம் மாற்ற நேர்ந்தால் கழற்றவும் எளிது.

அப்படியானால் சங்கம் யந்திரத்தை வாங்க வேண்டுமா? பழைய பனங்கை வீடுகளே மிகுந்த சங்கங்கள் வாங்கவேண்டியதில்லை என்பது என் கருத்து. புதிய நெசவுக் கொட்டகைகளை மெல்லிய மரத்தில் வரிசையாகக் கட்டும் இடத்திலும், மல்பெரி பயிரிடுவோர் பட்டுப்புழு வளர்ப்பு மனைகளைப் பலவாக அமைக்கும் இடத்திலும் பல சங்கங்கள் சேர்ந்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம். வாங்குமுன் அதற்குரிய ஆணி தொடர்ந்து கிடைக்குமா என்று விசாரிக்கவேண்டும். ஒவ்வொரு கம்பெனியின் யந்திரமும் தனக்கேற்ற ஆணிப் பட்டையையே ஏற்கும். ஆணி கிடைக்காத யந்திரம் இருப்புப் பதிவேட்டில் மட்டுமே இடம்பெறும். அத்தகைய பதிவுகளை ஆய்வாளர்கள் வேண்டிய மட்டும் பார்த்தாயிற்று. பழகிய தச்சர் கையில் மட்டுமே யந்திரத்தைத் தருவதென்றும், எடுத்துச் சென்ற ஆணி, திரும்பிய ஆணி இரண்டையும் எழுதுவதென்றும் நிர்வாகக் குழு முதலிலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

வேலை நடக்கும் நாளில் கண்ணாடி அணிவது கட்டாயம். தகட்டைப் பிடிக்கும் கை, யந்திரத்தின் மூக்கிலிருந்து ஓரடியாவது விலகியிருக்கவேண்டும். ஆணி சிக்கினால் முதலில் பாட்டரியைக் கழற்றவேண்டும். நம் தறியும் வீடும் ஒன்றே ஆதலால், குழந்தைகளை அன்று வெளியே அனுப்பிவிடுவது உத்தமம். ஓர் அங்குல ரீப்பரில் ஒன்றரை அங்குல ஆணி அடித்தால் அரை அங்குலம் மறுபுறம் நீட்டும்; அங்கே மின்சாரக் கம்பி ஓடுகிறதா என்று முன்கூட்டியே பார்க்கவேண்டும். பாவை அவிழ்க்க முடியாவிடில் கனத்த துணியால் இரண்டு மடிப்பாகப் போர்த்துங்கள். வேலை முடிந்ததும் துணியை உதறாமல், அதன்மேலும் காக்குழியிலும் ஒரு காந்தத்தை ஓட்டி, விழுந்த ஆணிகளைப் பொறுக்கிய பின்னரே துணியைச் சுருட்டி எடுக்கவேண்டும்.